டென்டினும் நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவ மாணவர்கள், ஆய்வகத்தில் பல் துண்டுகளை வளைத்தும் உடைத்தும் பார்ப்பவர்கள், வேர் சிகிச்சை (பற்கூழை நீக்கி வேர்க்குழாயை அடைக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் என மூன்று தரப்பினரும் டென்டினின் ஈரத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அந்தக் கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முதல் மூன்று பதில்களைப் படிக்காமல் பின்னால் உள்ளவற்றுக்குத் தாவினால் சில இடங்கள் முரண்பாடாகத் தோன்றக்கூடும்.

டென்டின் என்பது பல்லில் எந்தப் பகுதி? அவ்வளவு கடினமான பொருளுக்குள் தண்ணீர் எப்படி இருக்கும்?

வெளியே தெரியும் வெண்மையான எனாமலுக்கும், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழுக்கும் இடைப்பட்ட திசுவே டென்டின். பல்லின் பெரும்பகுதி அதுதான். எடைக் கணக்கில் அதில் சுமார் 70 விழுக்காடு கனிமம், 20 விழுக்காடு கொலாஜன் என்ற இழைப் புரதத்தை முதன்மையாகக் கொண்ட கரிமப் பொருள், 10 விழுக்காடு நீர். கனிமம் அடர்த்தி மிகுந்தது என்பதால், இதையே கன அளவில் கணக்கிட்டால் நீரின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடாக உயர்ந்துவிடும். கனிமத்தின் பங்கு பாதியளவுக்கு இறங்கிவிடும். இயந்திரப் பண்புகளைப் பற்றிச் சிந்திக்கும்போது இந்தக் கன அளவுக் கணக்கையே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நீருக்கு இடம் தருபவை இரண்டு. பற்கூழிலிருந்து எனாமலின் எல்லை வரை ஓடும் நுண்குழல்கள் முதலாவது. இவை எனாமலுக்கு அருகில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 என்றும், பற்கூழுக்கு அருகில் 45,000 அல்லது அதற்கும் மேலாகவும் இருக்கும்; உள்ளே செல்லச் செல்ல அவற்றின் விட்டமும் 1 மைக்ரானுக்கும் குறைவான அளவிலிருந்து 2.5 மைக்ரான் வரை பெருகும். எனவே ஆழமான டென்டின் மேலோட்டமான டென்டினைவிட ஈரம் மிகுந்தது. இரண்டாவது இடம், குழல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் கொலாஜன் இழைகளுக்கும் கனிமப் படிகங்களுக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளிகள்.

அந்தத் தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரியானதுதானா?

இல்லை. நுண்குழல்களில் உள்ளது பெரும்பாலும் கட்டற்ற நீர். துண்டைத் திறந்த காற்றில் வைத்தாலே அது வெளியேறத் தொடங்கிவிடும். கொலாஜனின் மூவிழைச் சுருளோடும் படிகங்களின் மேற்பரப்போடும் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டிருப்பது பிணைந்த நீர். அதை வெளியேற்ற வெப்பமோ வெற்றிடமோ நீண்ட நேரமோ தேவைப்படும்.

இரண்டுக்கும் நடுவே கூர்மையான எல்லைக்கோடு கிடையாது. இறுக்கமாகப் பிணைந்தது, தளர்வாகப் பிணைந்தது, கட்டற்றது என்று படிப்படியாக மாறும். ஆகவே ‘உலர்ந்த டென்டின்’ என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்லும்போது, அறை வெப்பநிலையில் உலர்த்தினார்களா, 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினார்களா, கரைப்பானில் ஊறவைத்தார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் முடிவுகள் பலவற்றுக்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

காய்ந்தால் டென்டின் பலவீனமாகிவிடும், அவ்வளவுதானே?

மிகுதியாகக் கேட்கப்படுவதும் மிகுதியாகக் குழப்புவதும் இந்தக் கேள்வியே. ‘பலம்’ என்று பேச்சில் ஒரே சொல்லால் குறிப்பதை இங்கே நான்காகப் பிரித்தாக வேண்டும். விறைப்பு என்பது வளைவதை எதிர்க்கும் தன்மை. அதை யங் குணகத்தால் அளக்கிறோம். வலிமை என்பது உடையும் தருணத்தில் தாங்கிய தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின் மீதான விசை. கடினத்தன்மை என்பது மேற்பரப்பில் ஒரு முனையை அழுத்தும்போது பள்ளம் விழுவதை எதிர்ப்பது. முறிவுத் தாங்குதிறன் என்பது, ஏற்கெனவே விரிசல் உள்ள நிலையில் அது மேலும் ஓடுவதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாக வேண்டும் என்பது.

காற்றில் உலர்ந்த டென்டினில் விறைப்பும் கடினத்தன்மையும் கூடுகின்றன. வலிமையும் சில சோதனைகளில் கூடுகிறது. குறைவது, உடைவதற்கு முன் விட்டுக்கொடுத்து உருமாறும் திறன். தகைவு–திரிபு வரைபடத்தில் (திரிபு என்பது மூல அளவோடு ஒப்பிட்ட உருமாற்றம்) ஈரமான துண்டு நேர்கோடாக ஏறி, பிறகு சாய்ந்து வளைந்து, அதன் பின்னரே முறியும். உலர்ந்த துண்டோ ஏறக்குறைய நேர்கோடாகவே சென்று சட்டென்று முறிந்துவிடும். கோட்டின் கீழுள்ள பரப்பளவு, அதாவது உள்வாங்கிய ஆற்றல், அதனால் சுருங்குகிறது. எனவே உலர்ந்த டென்டினைப் பலவீனமானது என்று சொல்வதைவிட நொறுங்குந்தன்மை கொண்டது என்று சொல்வதே சரி. காய்ந்த சுள்ளியை உவமையாகக் காட்டுபவர்கள் உண்டு. படாரென்று முறியும் விதத்துக்கு அது பொருந்தும், ஆனால் சுள்ளியைப் போல் எளிதில் முறியும் என்று எண்ணிக்கொண்டால் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

எண்களாகச் சொல்லுங்கள், விறைப்பு எவ்வளவு கூடும்?

ஈரமான டென்டினின் யங் குணகம் பொதுவாக 20 முதல் 25 கிகாபாஸ்கல் என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. உலர்த்தும்போது கிடைக்கும் உயர்வு விழுக்காட்டுக் கணக்கிலானது, மடங்குக் கணக்கிலானது அன்று. டென்டினின் விறைப்பில் பெரும்பங்கு கனிமத்தைச் சார்ந்தது. கனிமமோ நீர் போனாலும் வந்தாலும் பெரிதாக மாறுவதில்லை.

கனிமத்தை அமிலத்தால் முழுவதும் கரைத்துவிட்டு, மிஞ்சும் கொலாஜனை மட்டும் அளந்தால் கதையே வேறு. நனைந்த நிலையில் அதன் குணகம் சில மெகாபாஸ்கல்தான். ஏறத்தாழ மென்மையான ரப்பர்போல் வளையும். அதையே நன்றாக உலர்த்தினால் குணகம் நூறு மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடும். நீர் மாறும்போது உண்மையில் எந்தக் கூறு மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தண்ணீர் வெளியேறும்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

கொலாஜன் மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள நீர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மூலக்கூறுகளைச் சற்று விலக்கி வைக்கிறது. அவற்றின் ஹைட்ரஜன் பிணைப்பிடங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நீர் இருக்கும்வரை, சுமை ஏறும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று உரசி நகர முடியும். பிணைப்புகள் அறுந்து வேறிடத்தில் மீண்டும் உருவாகும். நீர் போனதும் அந்தப் பிணைப்பிடங்கள் பக்கத்து மூலக்கூறோடு நேரடியாகப் பிணைகின்றன. இழைகள் நெருங்கிச் சுருங்கி விறைக்கின்றன. நகர்வதற்கான இடம் போய்விடுகிறது.

அந்தச் சுருக்கம் கொலாஜனோடு நின்றுவிடுவதில்லை. இழைகளோடு ஒட்டியிருக்கும் நுண்ணிய அபடைட் (டென்டினின் கனிமம்) படிகங்களையும் அது இழுத்து அழுத்துகிறது. பெர்லினின் சாரிட்டே மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 2016-இல் வெளியிட்ட எக்ஸ்-கதிர் ஆய்வு, உலரும்போது படிகங்களின் மீது நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கல் அழுத்தத் தகைவு ஏற்படுவதைக் காட்டியது. முன்கூட்டியே அழுத்தப்பட்ட பொருளை இழுத்து முறிக்க, முதலில் அந்த அழுத்தத்தை ஈடுசெய்தாக வேண்டும். உலர்ந்த டென்டினின் வலிமை சில சோதனைகளில் கூடித் தெரிவதற்கு இது பொருத்தமான விளக்கம் என்றே கருதுகிறேன்.

விரிசல் ஓடும் விதம் மாறுகிறதா?

மாறுகிறது. கிரூசிக், நல்லா, கின்னி, ரிச்சி ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் நேரடியாகப் பார்த்தது. ஈரமான டென்டினில் விரிசலின் முனை மழுங்குகிறது. கூர்மை குறைவதால் அங்கே குவியும் தகைவும் குறைகிறது. உலர்ந்த டென்டினில் அந்த மழுங்கல் கணிசமாகக் காணப்படுவதில்லை. விரிசலின் இரு கரைகளையும் முறியாத சிறு பாலங்கள் பிடித்துக்கொண்டிருப்பதும் டென்டினின் இயல்பான தற்காப்பு. ஆனால் அந்தப் பாலங்கள் இருப்பதால் மட்டும் ஈரம் தரும் பயனை ஈடுசெய்துவிட முடிவதில்லை.

இத்தகைய சோதனைகளில் யானைத் தந்தத்தைப் பயன்படுத்துவதைப் பார்த்துச் சிலர் வியப்படைகிறார்கள். தந்தமும் டென்டின்தான், மனிதப் பல்லில் விரிசல் நீண்டு ஓடுவதற்குப் போதுமான இடம் கிடைப்பதில்லை என்பதே அதைத் தேடிப் போகக் காரணம்.

காய்ந்ததைத் திரும்ப நனைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடுமா?

அறை வெப்பநிலையில் உலர்ந்ததாக இருந்தால், பெரும்பாலும் வந்துவிடும். ஜேம்சன், ஹூட், டிட்மார்ஷ் ஆகியோர் 1993-இல் மனித டென்டினை உலர்த்தியும் மீண்டும் நனைத்தும் சோதித்து, நொறுங்குந்தன்மை நீரோடு வந்து நீரோடு போவதைக் காட்டினார்கள். மேலே சொன்ன ஹைட்ரஜன் பிணைப்பு விளக்கத்தோடு இது ஒத்துப்போகிறது. அந்தப் பிணைப்புகளை நீர் மீண்டும் பிரித்துவிட முடியும்.

உலரும்போது ஏற்பட்ட விரிசலை நீர் மூடாது. அதிக வெப்பத்தால் கொலாஜன் இயல்பு கெட்டிருந்தாலும் மீட்சி இல்லை.

எத்தனாலில் ஊறவைத்த டென்டின் முன்பைவிட உறுதியாகிறது என்று படித்தேன். நீங்கள் சொல்வதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே?

நேர்மாறாகத் தோன்றுவது உண்மைதான். நல்லாவும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அசிட்டோன், எத்தனால் போன்ற முனைவுக் கரைப்பான்களில் வைத்த டென்டினின் விறைப்பும் வலிமையும் மட்டுமல்லாமல், முறிவுத் தாங்குதிறனும் உயர்ந்தது. நீரில் மீண்டும் வைத்ததும் உயர்வு மறைந்தது. இந்தக் கரைப்பான்கள் நீரைவிடக் குறைவாகவே ஹைட்ரஜன் பிணைப்பு அமைப்பவை. ஆகவே கொலாஜன் மூலக்கூறுகள் தமக்குள் பிணைந்து இறுகுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இரண்டாவது பதிலில் சொன்ன எச்சரிக்கை இங்கேதான் பயன்படுகிறது. கரைப்பானில் உள்ள துண்டிலிருந்து நீர் இடம்பெயர்ந்திருக்கிறது, ஆனால் இடைவெளிகள் வெறுமையாகவில்லை. அங்கே இன்னும் ஒரு திரவம் இருக்கிறது. காற்றில் உலர்ந்த துண்டில் அதுவும் இல்லை. இரண்டையும் ‘நீரிழப்பு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டு ஒப்பிடுவது என் பார்வையில் முறையற்றது.

வேர் சிகிச்சை செய்த பல் உலர்ந்துபோய் நொறுங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?

இந்தக் கருத்து இவ்வளவு பரவலாக நிலைத்திருப்பதற்கு ஒரு பழைய அளவீடும் காரணம். ஹெல்ஃபர், மெல்னிக், ஷில்டர் ஆகியோர் 1972-இல் நாய்களின் பற்களை ஆராய்ந்து, பற்கூழ் நீக்கப்பட்ட பற்களில் ஈரம் சுமார் 9 விழுக்காடு குறைவு என்று தெரிவித்தனர். பிறகு 1994-இல் பாபா, கெய்ன், மெஸ்ஸர் ஆகியோர் மனிதப் பற்களை அளந்தபோது, உயிருள்ள பற்களில் 12.35 விழுக்காடும் வேர் சிகிச்சை செய்தவற்றில் 12.10 விழுக்காடும் ஈரம் இருந்தது. புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே அன்று. செட்ஜ்லியும் மெஸ்ஸரும் 1992-இல், ஒரே நபரின் வாயில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்த 23 இணைப் பற்களை ஒப்பிட்டனர். உயிருள்ள பல்லின் டென்டின் 3.5 விழுக்காடு கடினமாக இருந்தது; வெட்டு வலிமை, முறிவதற்கு முன் உள்வாங்கும் ஆற்றல், உடைக்கும் சுமை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பற்கூழ் போனாலும் பல் உலர்ந்த இடத்தில் நிற்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. வேரைச் சுற்றிலும் ஈரமான இணைப்புத் திசு இருக்கிறது. மேலே உமிழ்நீர் இருக்கிறது. காற்றில் வைத்த துண்டு எட்டும் உலர்நிலையை வாயிலுள்ள பல் எட்டுவதில்லை.

அப்படியானால் இந்தப் பற்கள் ஏன் உடைகின்றன? ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோரின் 1989 ஆய்வு பெரும்பாலானதைச் சொல்லிவிடுகிறது. வேர் சிகிச்சைக்காகத் துளையிட்டதால் மட்டும் பல்லின் விறைப்பு 5 விழுக்காடு குறைந்தது. கடிக்கும் பரப்பில் குழி எடுத்ததால் 20 விழுக்காடு. முன்பக்கம், கடிக்கும் பரப்பு, பின்பக்கம் மூன்றையும் சேர்த்துக் குழி எடுத்தபோது 63 விழுக்காடு. சிகிச்சைக்கு வரும் பல் ஏற்கெனவே சொத்தையாலும் பழைய அடைப்பாலும் சுவர்களை இழந்திருப்பதே முதன்மைக் காரணம். வேர்க்குழாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் செறிவாகவும் நீண்ட நேரமும் பட்டால் கொலாஜனைக் கரைத்து வளைவு வலிமையைக் குறைக்கும் என்பதும் கணக்கில் சேர வேண்டும். உலர்வைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அது மிஞ்சியிருக்கும் சுவர்களின் பருமனிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது.

தண்ணீர் குறைவாகக் குடித்தால் டென்டின் காயுமா? வாய் உலர்பவர்களுக்கு?

குடிநீரின் அளவால் டென்டினின் ஈரம் அளக்கத்தக்க விதத்தில் மாறும் என்று நம்ப இடமில்லை. பற்கூழும் வேரைச் சுற்றியுள்ள திசுவும் தரும் ஈரம் அதைச் சார்ந்ததன்று. உமிழ்நீர் சுரப்பு குன்றியவர்களுக்குப் பல் கெடுவது மிகுதிதான், ஆனால் அங்கே வேலை செய்வது சொத்தை. டென்டினின் உலர்வு அன்று.

வயதானவர்களின் பல்லில் விரிசல் வருவது ஈரம் குறைவதாலா?

ஓரளவு தொடர்பு உண்டு, ஆனால் நீர் இங்கே முதல் காரணமாக இல்லாமல் உடன்விளைவாகவே இருக்கிறது. வயதாகும்போது, வேர்நுனியிலிருந்து தொடங்கி, நுண்குழல்களில் கனிமம் படிந்து அடைபடுகிறது. அந்தப் பகுதி ஒளி ஊடுருவும் தோற்றம் பெறுகிறது. குழல் அடைபட்டால் அதிலிருந்த நீருக்கும் இடமில்லை. இத்தகைய டென்டினின் விறைப்பு அவ்வளவாக மாறாதபோதும், முறிவுத் தாங்குதிறன் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவதாக 2005-இல் கின்னியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். உலர்ந்த டென்டினை நனைத்து மீட்கலாம் என்று மேலே பார்த்தோம். அடைபட்ட குழலை நீரில் வைத்து மீட்க இயலாது.

பற்குழியை நிரப்பும் அடைப்பை ஒட்டுவதற்கு முன் டென்டினை நன்றாக உலர்த்துவதுதானே சரி?

எனாமலுக்குச் சரி, அமிலம் இட்ட டென்டினுக்குச் சரியன்று. பாஸ்பாரிக் அமிலம் இட்டுக் கழுவியதும் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்குக் கனிமம் போய், வெறும் கொலாஜன் வலை நிற்கிறது. கனிமமற்ற கொலாஜன் நனைந்திருக்கும்போது எவ்வளவு மென்மையானது என்பதை நான்காவது பதிலில் பார்த்தோம். அந்த வலையை நிமிர்த்தி வைத்திருப்பதே நீர்தான். காற்றை ஊதி உலர்த்தினால் வலை சரிந்து, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துவிடும். பசை உள்ளே ஊடுருவ வழியிருக்காது. பசையும் கொலாஜனும் பின்னிய கலப்பு அடுக்கை 1982-இல் நகபயாஷி விவரித்தார். அந்த அடுக்கு உருவாவதே வலை திறந்திருப்பதைப் பொறுத்தது.

1990-களின் தொடக்கத்தில் காங்கா முதலானோர் ஈர ஒட்டுமுறையைப் பரப்பியதற்கு இதுவே காரணம். உலர்ந்துவிட்டது என்று தெரிந்தால் மீண்டும் நனைத்து வலையை விரிக்கலாம். அதற்காகக் குளம்போல நீரை விட்டுவிடுவதும் கேடுதான். பசை நீரில் பிரிந்து இடைவெளிகள் விழும். தானே அமிலத்தன்மை கொண்டு, தனியாகக் கழுவ வேண்டாத பசைகளில் இந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது.

உடைந்த முன்பல் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். உலரவிடலாமா?

உலரவிட வேண்டாம், நீரில் போட்டு வைத்து விரைவில் பல் மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது. உலர்ந்த துண்டை அப்படியே ஒட்டினால் பிடிப்பு குறைகிறது என்பதும், ஒட்டுவதற்கு முன் போதிய நேரம் நனைத்தால் பிடிப்பு மீள்கிறது என்பதும் சோதனைகளில் தெரிந்தவை. உலர்ந்த துண்டு சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும், நனைந்ததும் பழைய நிறம் திரும்பும்.

வேரோடு முழுப் பல்லும் விழுந்துவிட்டால் இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே காப்பாற்ற வேண்டியது வேரின் மேலுள்ள உயிரணுக்களை. சாதாரண நீர் அவற்றைக் கெடுக்கும். உடனே குழியிலேயே திரும்ப வைக்க முடியாவிட்டால் பாலில் வைத்து உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது.

ஆய்வகத்தில் பிடுங்கிய பற்களைக் காய்ச்சி வடித்த நீரில் வைக்கிறோம். ஈரமாகத்தானே இருக்கிறது, போதாதா?

ஈரம் காக்கப்படுகிறது, கனிமம் காக்கப்படுவதில்லை. அயனிகள் அற்ற நீர், பல்லின் மேற்பரப்பிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்தெடுக்கும். ஹாபெலிட்ஸ் முதலானோர் 2002-இல் நுண்முனை அழுத்தச் சோதனையால் இதை அளந்தார்கள். அயனி நீக்கிய நீரில் வைத்த பற்களின் மேற்பரப்புக் கடினத்தன்மையும் குணகமும் சில நாட்களிலேயே பெரிதும் சரிந்தன, ஹாங்க்ஸ் சமநிலை உப்புக் கரைசலில் வைத்தவற்றில் அப்படி நிகழவில்லை. இதைக் கவனிக்காமல், கனிம இழப்பால் வந்த சரிவை நீரின் விளைவு என்று எழுதிவிடும் அபாயம் உண்டு.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் டென்டின் முழுவதும் விரிசலாகத் தெரிகிறது. அவை வாயிலேயே இருந்தவையா?

பல நேரங்களில் இல்லை. வழக்கமான கருவியின் வெற்றிடம் துண்டை உலர்த்துகிறது. சுருக்கம் எல்லா இடத்திலும் சமமாக இராததால் விரிசல் விழுகிறது. துண்டின் ஒப்புருவைப் பிசினில் எடுத்துப் பார்ப்பதோ, ஈரத்தோடு பார்க்க உதவும் குறைந்த வெற்றிடக் கருவியைப் பயன்படுத்துவதோ இதற்கு மாற்று.

நுண்குழல்களில் உள்ள நீர் நீரழுத்த மெத்தைபோல் சுமையைத் தாங்குகிறது என்கிறார்களே, அது நிரூபிக்கப்பட்டதா?

பாதி நிரூபிக்கப்பட்டது என்பேன். ஈரமான டென்டின் நேரத்தைச் சார்ந்து நடந்துகொள்கிறது என்பதில் ஐயமில்லை: நிலையான சுமையின் கீழ் மெல்ல மெல்ல உருமாறுகிறது, நிலையான திரிபில் வைத்தால் தகைவு தளர்கிறது, வேகமாக அழுத்தினால் மெதுவாக அழுத்துவதைவிட விறைப்பாகத் தெரிகிறது. உலர்த்தினால் இவை குறைகின்றன. குழல்களில் திரவம் நகர்வதும் உறுதி. பல் கூச்சத்துக்கு பிரான்ஸ்ட்ரோம் தந்த விளக்கமே அந்த நகர்வைத்தான் அடிப்படையாகக் கொண்டது. கிஷனும் அசுந்தியும் 2005-இல் ஒளியியல் முறையால் திரிபை அளந்து, நீர் நிறைந்த டென்டின் சுமைக்கு வேறு விதமாக ஈடுகொடுப்பதைக் காட்டி, கட்டற்ற நீருக்கு அதில் பங்குண்டு என்று வாதிட்டனர்.

தடை எங்கே என்றால், கட்டற்ற நீரை மட்டும் எடுத்துவிட்டுக் கொலாஜனின் நீரைத் தொடாமல் விடும் சோதனையை அமைப்பது கடினம். துண்டை உலர்த்தத் தொடங்கினால் குழல்கள் காலியாகும்போதே இழைகளும் ஓரளவு நீரிழக்கின்றன. பிறகு மாறிய பண்பில் எவ்வளவு குழலுக்குரியது, எவ்வளவு கொலாஜனுக்குரியது என்று பிரிக்க முடிவதில்லை. மேலும், வெட்டியெடுத்த துண்டில் குழல்களின் இரு முனைகளும் திறந்திருக்கும், திரவம் எளிதில் வெளியேறும். முழுப் பல்லிலோ ஒரு முனையை எனாமல் மூடியிருக்கும், மறுமுனையில் பற்கூழின் அழுத்தம் இருக்கும். மெத்தை விளைவு இருக்குமானால் அது துண்டைவிட முழுப் பல்லில்தான், அதுவும் திரவம் நகர்ந்து தப்ப நேரமில்லாத வேகமான கடிகளில்தான், கூடுதலாக வெளிப்பட வேண்டும். ஆகவே இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்கள், மெல்ல அழுத்திய சிறு துண்டுகளின் முடிவுகளை வைத்து மெத்தை உண்டென்றோ இல்லையென்றோ தீர்ப்பளிக்கும் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு, எனாமல் நீங்காத முழுப் பற்களில் சுமையேற்றும் வேகத்தை மாற்றி மாற்றிச் செய்த சோதனைகளைத் தேடிப் படிக்கலாம்.